வலது பின்சக்கரம்

பிரேக்கை மிதித்தால் வண்டி உதறியது. உதறியது வண்டிதான். பழி வந்து விழுந்தது என் காலின் மேல்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபத்தை ஆறவைத்துவிட்டு எழுதினால் இது வெறும் பட்டறைக் கதையாகப் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சவுக்குத் தோப்புகளை வெட்டித் தள்ளிவிட்டுத் தொழிற்சாலைகளுக்கு இடம் நிரவிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் எழும்பச் செங்கல் வேண்டும். செங்கல் கொடுத்தவர்களில் என் முதலாளியும் ஒருவர். திருவள்ளூரை ஒட்டிய கிராமத்தில் அவருக்கு நிலமும் இருந்தது, சூளையும் இருந்தது, ஒரு கறுப்புக் காரும் இருந்தது. அந்தக் காரை ஓட்டியவன் நான்.

என் அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டு நிலத்தில்தான் நட்டார்கள், அறுத்தார்கள். நான் வயலில் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, செங்குன்றத்து அரிசி லாரி ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, லாரி டிரைவர் தூங்கும் நேரமெல்லாம் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பழகி, லைசென்ஸ் வாங்கியவன். எங்கள் காலனியில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதுகூட அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அது நெஞ்சில் படுவது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கார் நிற்கும் வாசல் தெருவைவிட மேடு. அந்தச் சரிவில் வண்டியை ஏற்றி நிறுத்தி, பின்னால் உருண்டுவிடாமல் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட வேண்டும். முதலாளி இடது பக்கத்துப் பின்கதவைத் திறந்து இறங்கி உள்ளே போவார். நான் வலது பக்கம் இறங்கி, சாவியை அவர் கையில் கொடுக்காமல் மதில்சுவர் மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நிற்க வேண்டும். அப்புறம் முதலாளியின் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு வருவார். நான் தொட்ட கதவின் கைப்பிடியில் ஆரம்பித்து, சாய்த்து ஊற்றிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் வரை போவார். கடைசியில் சாவியின் மேலும் கொஞ்சம் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் சாவி வீட்டுக்குள் போகும்.

ரோட்டில் இந்தத் தீட்டு எதுவும் கிடையாது. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், அங்கிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று போகிற வழியெல்லாம் முதலாளி பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். எதிரே லாரி வந்தால் அவர் உயிர் என் கையில். அந்தக் கை சுத்தமான கை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அதே கை பட்ட கதவைக் குளிப்பாட்டுவார்கள்.

ஏன் சகித்துக்கொண்டாய் என்று என் மகன் ஒருமுறை கேட்டான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் என்று இருந்ததே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஸ்டீரிங்கை விட்டால் எனக்கு மண்வெட்டிதான். அதனால் சகித்தேன். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். அந்த அம்மா குடத்தோடு வாசல்படியில் தெரிந்ததும் நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்த புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்ற பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவேன். நான் பார்க்காதது எனக்கு நடக்கவில்லை என்று ஒரு வீம்பு.

கும்மிடிப்பூண்டி ஓட்டம் தொடங்கிய வருஷம்தான் முதல்முறை வண்டி உதறியது, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு முன்னால். கேட் மூடியிருந்தது. தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து பிரேக்கில் காலை வைத்தேன். வண்டி தடதடவென்று உதறிக்கொண்டு போய் நின்றது. பின்சீட்டில் முதலாளி மோர் குடித்துக்கொண்டிருந்தார். பாதி மோர் அவர் வேட்டியில்.

"இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்ற?"

"மெதுவாத்தாங்க மிதிச்சேன். வண்டிதான் ஒதறுது."

"வண்டி எங்கடா ஒதறுது? ஒதறது உன் காலு. சேத்துல மிதிச்சிக்கினு இருந்த பரம்பர, பிரேக்க மிதிச்சா இப்டித்தான் இருக்கும்."

கேட் திறக்கும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் சுட்டது.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரர். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். வாயும் பெரிசு, வேலையும் பெரிசு. வண்டி ஆடுகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரங்களைக் கழற்றிப்போட்டுவிட்டார். ஸ்டீரிங் பக்கம் இருந்த நட்டையெல்லாம் முடுக்கினார். முன்பக்கத்து பிரேக் லைனிங்கை மாற்றினார். ஓட்டிப் பார்த்தால் உதறல் அப்படியே இருந்தது.

மறுநாள் அவரே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து பிரேக் போடச் சொன்னார். போட்டேன்.

"ஸ்டீரிங்கு ஆடுதா, சீட்டு ஆடுதா?"

"சீட்டுதான் ஆடுது. ஸ்டீரிங்கு கம்முனு கீது."

"அப்போ இன்னாத்துக்கு நைனா முன்சக்கரத்தப் பிரிச்சோம்?"

"பிரிச்சது நீ. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவர் வெட்கப்படுகிற ஆளில்லை. சிரித்துவிட்டு, "இப்போ பிரேக்குல கால வைக்காத. ஹேண்ட் பிரேக்க மட்டும் பட்டன அமுக்கிக்கினே மெதுவா இழு" என்றார். இழுத்தேன். அதே உதறல். ஹேண்ட் பிரேக் பின்சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். ஆக, கோளாறு பின்னால்.

பட்டறைக்குத் திரும்பிப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்தான் டிரம்; அதை உள்ளேயிருந்து அழுத்தி நிறுத்துவது பிரேக் ஷூ. ஷூ டிரம்மை லேசாக உரசும் அளவுக்கு முடுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம். இடது சக்கரம் ஒரே சீராகச் சர்ர்ரென்று உரசிக்கொண்டு சுற்றியது. வலது சக்கரம் சரக் என்று உரசும், அப்புறம் சத்தமில்லாமல் ஓடும், மறுபடி சரக்.

"டிரம்மு வட்டமா இல்ல நைனா. முட்டையாயிடிச்சி" என்றார் மெக்கானிக்.

அதை லேத்தில் கொடுத்து உள்பக்கம் சீவி வட்டமாக்கினோம். வண்டி ரோட்டில் பட்டுப்போல நின்றது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே அது பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில வாரம் போனது. ஒருநாள் பெரியபாளையத்துக் கோயில் கூட்டத்தில் வேப்பிலைக் கட்டோடு ஒரு குடும்பம் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். வண்டி மறுபடி உதறியது. இந்தமுறையும் முதலாளி விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"செலவு பண்ணி சரி பண்ணா, மறுக்கா ஒடச்சிட்ட இல்ல? இன்னொரு வாட்டி இது ஒதறட்டும். இவன் காலு பிரேக்கத் துன்ற காலுன்னு நாலு பேருகிட்ட சொல்லிடுவேன். அப்புறம் இந்தப் பக்கத்துல ஒருத்தன் உன்ன நம்பி ஸ்டீரிங்கு குடுக்கமாட்டான்."

அவர் சொன்னால் நடக்கும். அவர் சொல்லைக் கேட்கிறவர்களிடம்தான் மற்ற கார்களும் இருந்தன. என் லைசென்ஸ் சட்டைப்பையிலேயே இருக்கும், நான் அதோடு நாற்று பிடுங்கப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கு வீட்டில் என் மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுவரை காரில் ஏறினதும் இல்லை.

"நாலு சக்கரத்தையும் ஒரே காலுதான மிதிக்குது?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் எப்டி ஒரு சக்கரம் மட்டும் கெட்டுப்போவும்? நீ போய் அந்தாளக் கேளு. தலையத் தொங்கப் போட்டுக்கினு வராத."

மறுநாள் வண்டி வெங்கல் கிராமத்தைத் தாண்டும்போது கேட்டுவிட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"ஐயா, என் காலு நாலு சக்கரத்தையும்தான் மிதிக்குது. அது எப்டிங்க அந்த வலதுபக்கத்துப் பின்சக்கரம் மட்டும் கெட்டுப்போவுது?"



"எதுத்துப் பேசறியா?"

"இல்லீங்க. நெயாயத்த கேக்கறேன்."

"ஓட்ற வேலையப் பாரு."

பட்டறையில் இரண்டாம் முறை டிரம்மைக் கழற்றியபோது மெக்கானிக் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் அங்கங்கே நீலம் பாய்ந்த மாதிரி கறுத்திருந்தது. நகத்தால் தடவினால் மயிரிழை போல வெடிப்பு தட்டுப்பட்டது.

"காஞ்ச தோசக்கல்லுல தண்ணி தெளிச்சா மாதிரி கீதே நைனா. டிரம்மு சூடா இருக்கசொல்லோ ஆத்துல எறக்குனியா?"

"ஆரணியாத்துல தண்ணி ஏது? மணல்தான் கீது."

"அப்போ வேற எங்கியோ தண்ணி பட்டிருக்கு. பிரேக்கு சூடா இருக்கசொல்லோ ஹேண்ட் பிரேக்க இழுத்து நிறுத்துனா, ஷூ ரெண்டு பக்கமும் டிரம்ம கவ்விக்கினு நிக்கும். அது மேல சடார்னு தண்ணி பட்டா, கவ்வுன எடம் ஒரு மாதிரி, கவ்வாத எடம் ஒரு மாதிரி சுருங்கும். வட்டம் போயிடும்."

நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். வண்டியைத் தினமும் காலையில்தான் கழுவினேன். அப்போது டிரம் குளிர்ந்து கிடக்கும். மழைக்காலமும் இல்லை. புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, என் முதுகுக்குப் பின்னால் நடந்தது ஞாபகத்துக்கே வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

டிரம்மை மறுபடி சீவி மாட்டிய வாரத்திலேயே முதலாளியின் மனைவி, மகளின் பிரசவத்துக்காக வேலூருக்குப் போய்விட்டார். சாயங்காலம் வண்டியைச் சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு, சாவியைச் சுவரில் வைத்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பி நின்றேன். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், முதலாளி சாவியைத் தாமே எடுத்துக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். கிணற்றில் இறைத்து, குடத்தைத் தூக்கி வந்து ஊற்ற அவருக்குச் சோம்பல். தீட்டு அவரை ஒன்றும் செய்துவிடவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், வியாபாரமும் நன்றாக நடந்தது.

அந்த அம்மா ஊரில் இல்லாத காலம் முழுக்க வண்டி ஒருமுறைகூட உதறவில்லை. கவரைப்பேட்டை கேட்டில் நின்றது, பெரியபாளையத்துக் கூட்டத்தில் நின்றது, திருவள்ளூர்க் கடைத்தெருவில் மாட்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று நின்று ஊர்ந்தது. முதலாளிக்கு அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது.

"பாத்தியா? ஒரு அதட்டு அதட்டுனதும் காலு திருந்திடிச்சி."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். என் பல் தேய்ந்ததற்குக் காரணம் வெற்றிலை என்று டாக்டர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

பிறகு அந்த அம்மா திரும்பி வந்தார். குடமும் வந்தது. கொஞ்ச நாளில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம், முதலில் லேசாக. காலில் எனக்குத்தான் தெரிந்தது. பின்சீட்டில் இருந்தவருக்கு இன்னும் தெரியவில்லை. இன்னும் சில நாளில் தெரிந்துவிடும். தெரிந்தால் என் பிழைப்பு போச்சு. அன்று வழியெல்லாம் இதே யோசனை. அந்த அம்மா இல்லாதபோது உதறவில்லை, வந்ததும் உதறுகிறது. அந்த அம்மாவுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஏகப்பட்ட நெரிசல். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. வீட்டுச் சரிவில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைச் சுவரில் வைத்தேன். அந்த அம்மா குடத்தோடு வந்தார். என் உடம்பு தானாகவே புளியமரத்தின் பக்கம் திரும்பியது. அதைப் பிடித்து நிறுத்தி, வண்டியைப் பார்த்து நின்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது. முகத்தில் அடி வாங்கப்போகிறவன் கண்ணை மூடாமல் நிற்கிற மாதிரி.

தண்ணீர் கைப்பிடியில் விழுந்தது. கதவில் வழிந்தது. அந்த அம்மா அப்படியே பின்னால் நகர்ந்து, சாவிக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை மொத்தமாக வலது பின்சக்கரத்தின் மேல் கவிழ்த்தார். சொய்ங் என்று ஒரு சத்தம். சக்கரத்தின் ஓட்டைகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. மாமியார் ஊற்றினார், இவர் ஊற்றுகிறார். "உன்மேல ஒண்ணும் இல்லப்பா, வழக்கம்" என்று ஒருமுறை என்னிடமே சொல்லியிருக்கிறார். என்மேல் ஒன்றும் இல்லை என்றால் எதைக் கழுவினார்கள் என்று நான் அன்று கேட்கவில்லை.

அன்று இரவு எனக்குக் கோபமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன. என்னைக் கழுவ ஊற்றிய தண்ணீர்தான் அவர்கள் வண்டியைக் கெடுத்தது. கெடுத்துவிட்டு, அந்தக் குற்றத்தையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கும்மிடிப்பூண்டிக்குத் திருப்பாமல் வண்டியை நேரே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இன்னாடா இங்க?" என்றார் முதலாளி. "ரெண்டு நிமிஷம் எறங்கிப் பாருங்க. தப்பு என் காலு மேலன்னா நானே ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்றேன்" என்றேன். அந்தப் பேச்சு அவருக்குப் புதுசு. அதனாலேயே இறங்கினார்.

மெக்கானிக் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு சக்கரத்தையும் சுற்றிக் காட்டினார். இடது சக்கரத்தின் சீரான உரசலையும் வலது சக்கரத்தின் விட்டு விட்டு வரும் சத்தத்தையும் முதலாளி காதால் கேட்டார். நேற்று பார்த்ததை நான் சொன்னேன். மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அதான பாத்தேன்! சூட்டுல தண்ணி பட்டாத்தான் இப்டி ஆவும்னு சொன்னனா இல்லியா? ஆமா, ஓடி வந்த வண்டிமேல எவன் நைனா தெனம் தண்ணி ஊத்தறான்? எதுக்கு?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் பெரிய மனசு பண்ணின குரலில் என்னிடம் சொன்னார்.

"செரி. இனிமே வண்டி வந்து ஒரு மணி நேரம் ஆறட்டும். ஆறின பெறவு ஊத்தச் சொல்றேன்."

நான் காத்திருந்தேன். வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"என் காலு மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

"அதான் சொல்லிட்டனே, ஆறின பெறவு ஊத்தச் சொல்றேன்னு."

மெக்கானிக்குக்குத் தன் கேள்விக்கான பதில் அப்போதுதான் புரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

வண்டி அன்றைக்கே சரியானது. வேலை எனக்கு இருந்தது. இனி உதறாது, இனி யாரும் என் காலைப் பழிக்க முடியாது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு மணி நேரம் என் நெஞ்சை அறுத்தது. சூட்டோடு ஊற்றினால் டிரம் தாங்காது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்கு மரியாதை கொடுத்து ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டார். எத்தனையோ வருஷமாக அதே வாசலில் நிற்கும் எனக்கு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வாசல் வந்தது. வண்டியைச் சரிவில் ஏற்றினேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. கியரிலேயே விட்டுவிட்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் அவர் சூளைச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தேன். வண்டி பாவம், அது யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த அம்மா குடத்தோடு வந்துவிட்டார். ஒரு மணி நேரச் சேதி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. முதலாளி இடது பக்கம் இறங்கி, மனைவியிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

நான் மதில்சுவர் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். அவர் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, என் இரண்டு கையாலும் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினேன். அவர் கை மெத்தென்று இருந்தது. பயத்தில் அது லேசாக உதறியது.

"வண்டி நல்லா கீதுங்க. நான் வர்றேன்" என்றேன்.

அடுத்த வேலை எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் எழும்பிய கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டக் கூப்பிட்டது பிறகுதான். ஆனாலும் நான் உடனே கிளம்பவில்லை, புளியமரத்தின் பக்கமும் திரும்பவில்லை. முதலாளி மூடிய கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா சாய்த்த குடத்தோடு ஒருமுறை கதவைப் பார்த்தார், ஒருமுறை புருஷன் கையைப் பார்த்தார். தண்ணீரை எதன்மேல் ஊற்றுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வரும்வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.